திறவாமல் காணும் கண்

நுழையும்முன்

கையிலோ காலிலோ அடிபட்டால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும். தலைக்குள் ஏற்படும் வீக்கமோ வெளியே தெரிவதில்லை. அதனை, மண்டையோட்டைத் திறக்காமலும் ஊசியைச் செலுத்தாமலும் கண்டறிய மருத்துவ உலகம் நெடுங்காலம் முயன்றது. அம்முயற்சியின் வரலாற்றையும், அதில் பெங்களூருவுக்கு உள்ள பங்கையும், மருத்துவமனையை அடையும்முன் வீட்டார் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அடியும் ஐயமும்

பெங்களூருவில் அல்சூருக்கு அருகே அமைந்துள்ளது ஜோகுபாளையம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இந்நகரில் படைக்குடியிருப்பை அமைத்தபோது, தமிழ் பேசும் மக்கள் பலர் படைவீரர்களாகவும் வணிகர்களாகவும் தொழிலாளர்களாகவும் இங்கு வந்து சேர்ந்தனர். இன்றும் அல்சூரைச் சூழ்ந்த தெருக்களில் தமிழும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கின்றன.

மாடிப்படியில் தவறி விழும் சிறுவன், சாரத்தில் நின்று சுவருக்குப் பூச்சு வேலை செய்கையில் கால் இடறும் தொழிலாளி, மழையில் நனைந்த சாலையில் இருசக்கர வண்டியோடு சறுக்கும் மாணவி எனத் தலையில் அடிபடுவோர் பலவகையினர். அவர்களுள் பெரும்பாலோர் எழுந்து அமர்ந்து, ஆடையைத் தட்டிவிட்டு, “ஒன்றுமில்லை” என்பர். அவர்கள் கூறுவது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

ஆயினும், சிலருக்கு அது உண்மையன்று. அடிபட்டவுடன் சிறிது நேரம் நினைவிழந்து, பின்னர்த் தெளிவடைந்து, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், சில மணி நேரத்தில் மீண்டும் மயங்கிச் சரிவதுண்டு. இடைப்பட்ட அந்நேரத்தை மருத்துவர்கள் ‘தெளிவு இடைவேளை’ என்பர். வெளியே அவர் தெளிவாகப் பேசிய அதே வேளையில், மண்டையோட்டின் உள்ளே குருதி கசிந்து தேங்கிக்கொண்டிருந்தது. அதனைக் காணும் கண் அருகில் இருந்தோர் எவருக்கும் இல்லை.

தேரையர் கதை

உள்ளே என்ன நிகழ்கிறது என்று அறியும் வேட்கை மிகப் பழமையானது. தமிழ்நாட்டில் வழங்கும் சித்தர் கதை ஒன்று இதனைக் காட்டுகிறது. தீராத தலைவலியால் துன்புற்ற அரசன் ஒருவனுக்கு அகத்தியர் மருத்துவம் செய்தார். மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது, மூளையின்மேல் ஒரு தேரை அமர்ந்திருந்தது. கருவியால் அதனை எடுக்க முயன்றால் மூளை புண்படும். என்ன செய்வதென்று குரு சிந்தித்து நின்ற வேளையில், உடனிருந்த மாணவர் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொண்டுவந்து தேரைக்குத் தெரியுமாறு காட்டினார். தேரை நீரை நோக்கித் தாவியது. அன்றுமுதல் அம்மாணவர் தேரையர் என்று பெயர் பெற்றார் என்பது கதை.

இது வரலாற்றுச் செய்தியன்று. எனினும், இக்கதையில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. தலைக்குள் இருப்பதை அறிய மண்டையோட்டைத் திறப்பதைத் தவிர அக்காலத்து மனிதரின் கற்பனைக்கு வேறு வழி புலப்படவில்லை என்பது ஒன்று. மூளை, தொடுவதற்கே அஞ்ச வேண்டிய மென்மையான உறுப்பு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பது மற்றொன்று.

இடமில்லாத பெட்டி

கணுக்கால் சுளுக்கினால் அது வீங்குகிறது. தோல் விரிந்து கொடுப்பதால் வீக்கத்திற்கு இடம் கிடைக்கிறது. சில நாளில் வீக்கம் தானாகவே வடிகிறது. மூளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மண்டையோடு விரியாத எலும்புப் பெட்டி.

அப்பெட்டியினுள் மூன்று பொருள்கள் உள்ளன. ஏறத்தாழ 80 விழுக்காடு மூளை. 10 விழுக்காடு குருதி. எஞ்சிய 10 விழுக்காடு, மூளையைச் சூழ்ந்து காக்கும் மூளைத் தண்டுவட நீர். இவற்றுள் ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ 1783இலும், ஜார்ஜ் கெல்லி 1820களிலும் இக்கருத்தை முன்வைத்தனர். இன்றும் இது ‘மன்றோ – கெல்லி கோட்பாடு’ என்றே வழங்கப்படுகிறது.

அடிபட்ட மூளையில் இருவகையாக நீர் சேர்கிறது. செல்கள் சேதமடைந்து, நீரை வெளியேற்ற இயலாமல் தாமே உப்பிப்போவது ஒரு வகை. நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவர் பழுதுபட்டு, நீர் கசிந்து செல்களுக்கு இடையே தேங்குவது மற்றொரு வகை. இரண்டினாலும் மூளை வீங்குகிறது. முதலில் மூளைத் தண்டுவட நீர் சிறிது கீழிறங்கித் தண்டுவடப் பகுதிக்குச் சென்று இடம் கொடுக்கிறது. அடுத்து, சிரைகளில் உள்ள குருதி வெளியேறுகிறது. அதற்குமேல் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. அந்நிலையில் சிறிதளவு வீக்கம் கூடினாலும் உள்ளழுத்தம் திடீரென உயர்கிறது.

படுத்திருக்கும் பெரியவர் ஒருவரின் மண்டையோட்டு உள்ளழுத்தம், இயல்பாக 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். 22 என்னும் அளவைக் கடந்து நீடித்தால் மருத்துவர்கள் அதனைக் குறைக்க முற்படுவர். அழுத்தம் மிகும்போது புதுக் குருதி மூளைக்குள் நுழைவது கடினமாகிறது. குருதி இல்லையேல் உயிர்வளி இல்லை. மூளைத்தண்டு நசுங்குமாயின் மூச்சே நின்றுவிடும். இவ்வீக்கம் அடிபட்ட கணத்தில் முழுமையாகத் தோன்றுவதில்லை. சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை சிறிது சிறிதாக வளர்கிறது. அந்த இடைவெளிதான் மருத்துவருக்குக் கிடைக்கும் காலம்.

கைக்குழந்தையின் தலை மட்டும் சற்று வேறுபட்டது. அதன் எலும்புகள் முழுமையாகக் கூடாமல், உச்சியில் மென்மையான ஓர் இடைவெளி இருக்கும். பாட்டிமார் எண்ணெய் வைத்துப் பதமாகத் தடவும் உச்சிக்குழி அதுவே. உள்ளழுத்தம் மிகுந்தால் அக்குழி புடைத்துக்காட்டும். ஏறத்தாழ ஒன்றரை வயதிற்குள் அது மூடிவிடுகிறது. அதன்பின் மூளையை நோக்கிய அந்தச் சாளரமும் அடைபடுகிறது.

காற்றைச் செலுத்திப் பார்த்த காலம்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மானிய அறிஞர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். உடைந்த எலும்பை அக்கதிர்கள் தெளிவாகக் காட்டின. ஆனால், எலும்புக்குள் இருந்த மூளையை அவை காட்டவில்லை. மென்மையான மூளைக்கும் அதனைச் சூழ்ந்த நீருக்கும் இடையே உள்ள வேறுபாடு அப்படங்களில் பதியவில்லை.

அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1919இல் ஒரு வழியைக் கையாண்டார். முதுகுத் தண்டுவடத்தில் ஊசியைச் செலுத்தி, அங்குள்ள நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றினார். மேலேறிய காற்று மூளையின் அறைகளை நிரப்பியது; எக்ஸ் கதிர்ப் படத்தில் அவ்வறைகளின் வடிவம் தெரிந்தது. போர்ச்சுகலைச் சேர்ந்த ஈகாஸ் மோனிஸ் 1927இல் குருதிக்குழாய்க்குள் சாயமருந்தைச் செலுத்திப் படம் பிடித்தார். குழாய்கள் இடம் நகர்ந்திருந்தால், அவற்றை ஏதோ ஒன்று தள்ளுகிறது என்று மருத்துவர்கள் ஊகித்தனர். இவ்விரு முறைகளும் நோயாளிக்குத் துன்பம் தந்தன; ஆபத்தும் உடையனவாக இருந்தன. அவற்றிலும் மூளை நேரடியாகத் தெரியவில்லை. அதன் நிழலே தெரிந்தது.

இந்தியாவில் நவீன மூளை அறுவை மருத்துவம் வேரூன்றியது இக்காலத்தில்தான். 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி, நாட்டின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. இராமமூர்த்தி அத்துறையை நிறுவினார். அவர்கள் பணி தொடங்கியபோது மூளையை நேராகக் காட்டும் கருவி உலகில் எங்கும் இல்லை. கண்மணியின் அளவு, கைகால்களின் வலிமை, நோயாளி விடைசொல்லும் விதம் ஆகியவற்றைக் கொண்டே உள்ளே நிகழ்வதை அவர்கள் உய்த்துணர்ந்தனர்.

எண்களாக மாறிய மூளை

மூளையை நேராகக் காட்டிய முதல் கருவி, இசைத்தட்டுகளுக்குப் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, ஒரே திசையிலிருந்து படம் எடுக்காமல், தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார். ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உள்ளே தங்கியது, எவ்வளவு வெளியேறியது என்பதைக் கணினி கணக்கிட்டது. அக்கணக்கிலிருந்து, தலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற படம் உருவாயிற்று. இதுவே சி.டி. ஸ்கேன்.

1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை இம்முறையில் படம் பிடிக்கப்பட்டது. அப்படம் நீளவாக்கில் 80, அகலவாக்கில் 80 என மொத்தம் 6,400 சிறு கட்டங்களால் ஆனது. ஒரு படத்தைப் பதிவு செய்யச் சில நிமிடங்கள் பிடித்தன. இன்று தலை முழுவதையும் படம் பிடிக்கச் சில நொடிகளே போதும். இம்முறைக்கு அடிப்படையான கணிதத்தை முன்னரே வகுத்த ஆலன் கார்மக்குடன் ஹவுன்ஸ்ஃபீல்டு 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சி.டி. படத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் உண்டு. அது ‘ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு’ எனப்படும். காற்றுக்கு –1000, நீருக்கு 0, அடர்ந்த எலும்புக்கு 1000 அல்லது அதற்கு மேல். மூளைத் திசு ஏறத்தாழ 20 முதல் 40 வரையிலும், புதிதாகத் தேங்கிய குருதி ஏறத்தாழ 50 முதல் 80 வரையிலும் அமையும். எண் உயர்ந்தால் படத்தில் வெண்மை, தாழ்ந்தால் கருமை. ஆகவே, புதுக் குருதி வெண்ணிறமாகத் துலங்கும். வீங்கிய பகுதியில் நீர் மிகுந்திருப்பதால் எண் தாழ்ந்து, அவ்விடம் கருமை பூசியதுபோல் தோன்றும்.

வீக்கத்திற்கு வேறு அடையாளங்களும் உண்டு. மூளையின் மேற்பரப்பில் உள்ள மடிப்புகளின் இடைவெளி மறைந்துவிடும். நடுவில் உள்ள நீர் அறைகள் நசுங்கிச் சிறுக்கும். மூளையை இடம் வலமாகப் பிரிக்கும் நடுக்கோடு ஒருபுறம் ஒதுங்கும். அவ்விலகல் 5 மில்லிமீட்டரைக் கடந்தால் மருத்துவர்கள் அதனைக் கடுமையான எச்சரிக்கையாகக் கொள்வர். தலையை உயர்த்திப் படுக்கவைத்தல், நீரை வெளியேற்றும் மருந்தைக் குருதியில் செலுத்துதல் ஆகியவற்றால் வீக்கம் தணியாவிடில், மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம் தருவதும் உண்டு. மண்டையோட்டைத் திறக்கும் தேவை முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால், எப்போது திறப்பது, எவ்விடத்தில் திறப்பது என்பது இப்போது முன்கூட்டியே தெரிகிறது.

ஒரு கருவி போதாதா?

சி.டி. கருவிக்கு எல்லைகள் உண்டு. அது பெரியது, விலை மிகுந்தது, எல்லா ஊர்களிலும் இருப்பதில்லை. நோயாளிதான் அதனிடம் செல்ல வேண்டும். மேலும், எக்ஸ் கதிர்களை அளவின்றிப் பயன்படுத்தலாகாது. வளரும் சிறாருக்கு அதில் கூடுதல் கவனம் தேவை. தொடக்கத்தில் எடுத்த படம் இயல்பாகத் தோன்றி, பின்னர் வீக்கம் வளர்வதும் உண்டு. அப்போது மீண்டும் படம் எடுக்க நேரிடும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு இயங்குகிறது. எக்ஸ் கதிர்கள் அதில் இல்லை. மூளைக்குள் நீர்த்துகள்கள் எவ்வாறு அசைகின்றன என்பதையும் அது காட்டவல்லது. செல்களுக்குள் சிறைப்பட்ட நீரா, செல்களுக்கு இடையே கசிந்த நீரா என்று வீக்கத்தின் வகையைப் பிரித்தறிய அது துணைசெய்கிறது. ஆனால், அதற்கு நெடுநேரம் பிடிக்கும். நோயாளி அசையாமல் இருக்க வேண்டும்.

கண்ணின் வழியாகவும் மூளையின் நிலையை அறியலாம். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை, மூளையைச் சூழ்ந்த உறையின் தொடர்ச்சியாகும். தலைக்குள் அழுத்தம் மிகுந்தால் அவ்வுறை தடிக்கும். மூடிய இமையின்மேல் மீயொலிக் கருவியை மென்மையாக வைத்து, கண்கோளத்திற்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் தொலைவில் உறையின் விட்டத்தை அளப்பர். பெரியவர்களிடத்தில் அது 5 மில்லிமீட்டரை மிஞ்சினால் உள்ளழுத்தம் கூடியிருக்கலாம் என்று ஐயுறுவர்.

ஒளியால் தேடும் கருவி

இருட்டறையில் ஒளிவிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தால் விரல்கள் செந்நிறமாக ஒளிரும். பிற நிற ஒளிகளை உடல் பெரிதும் உறிஞ்சிவிட, செந்நிற ஒளி ஓரளவு ஊடுருவி வருகிறது. செந்நிறத்தை அடுத்துள்ள, கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். எலும்பையும் அது கடக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஃபிரான்ஸ் யோப்சிஸ், இவ்வொளியைக் கொண்டு மூளையின் உயிர்வளி நிலையை வெளியிலிருந்தே அறியலாம் என்பதை 1977இல் எடுத்துக்காட்டினார்.

குருதியில் உள்ள ஹீமோகுளோபின் இவ்வொளியை உறிஞ்சும் இயல்புடையது. குழாய்களை விட்டு வெளியேறிக் குருதி ஓரிடத்தில் தேங்கினால், அங்கு ஹீமோகுளோபின் செறிந்திருக்கும். ஒளி மிகுதியாக உறிஞ்சப்படும். திரும்பிவரும் ஒளி குறையும். தலையின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்.

இவ்வடிப்படையில் இந்தியாவில் உருவானதே ‘செரிபோ’ என்னும் கையடக்கக் கருவி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், போபால் எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ், பயோஸ்கேன் ரிசர்ச் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டுமுயற்சியில் உருவான இக்கருவியைப் பற்றிய செய்தி 2025இல் வெளியாயிற்று. அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தலையில் செலுத்தி, திரும்பிவரும் ஒளியை இயந்திரக் கற்றல் என்னும் கணினி நுட்பத்தால் ஆராய்ந்து, குருதிக்கசிவோ வீக்கமோ இருப்பதற்கான குறியை ஒரு நிமிட அளவில் வண்ண அடையாளங்களால் அது தெரிவிக்கிறது. ஊசி இல்லை, எக்ஸ் கதிர் இல்லை. அவசர ஊர்தியிலும் சிற்றூர் மருத்துவ நிலையத்திலும் பயன்படுத்தத்தக்கது.

இக்கருவி சி.டி. ஸ்கேனுக்கு மாற்றன்று. ஒளி ஓரளவு ஆழமே செல்லும். மூளையின் ஆழத்தில் உள்ளவற்றை அது காட்டாது. யாரை உடனடியாகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று முதலில் பிரித்தறிவதே அதன் பணி.

இதில் பங்கேற்ற நிம்ஹான்ஸ், பெங்களூருவின் ஓசூர் சாலையில் உள்ளது. 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய அரசு மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து இந்நிறுவனம் உருவாயிற்று. 2012இல் இயற்றப்பட்ட சட்டம் இதனை நாட்டின் சிறப்புமிக்க நிறுவனமாக அறிவித்தது. தலைக்காயமுற்றோர் பலர் நாள்தோறும் இங்குக் கொண்டுவரப்படுகின்றனர்.

கருவிக்கு முந்திய சொல்

எந்தக் கருவியும் தானாக வீட்டிற்கு வருவதில்லை. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று முதலில் முடிவெடுப்போர் அருகில் இருப்பவர்களே. அங்குச் சென்றபின், ஸ்கேன் தேவையா என்பதை முடிவுசெய்யவும் அவர்கள் கூறும் செய்தியே துணைநிற்கிறது. அமெரிக்காவில் 42,412 சிறார்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, தலையில் அடிபட்ட எந்தச் சிறாருக்கு ஸ்கேன் தேவையில்லை என்பதற்கான விதிகளை வகுத்தது. நினைவு தப்பியதா? வாந்தி எடுத்ததா? எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது? தலைவலி கடுமையாக உள்ளதா? பெற்றோரின் கண்ணுக்கு வழக்கம்போல் நடந்துகொள்கிறதா? இவையே அவ்விதிகளில் இடம்பெற்ற கேள்விகளுள் சில. இவற்றுக்கு எந்தக் கருவியும் விடை கூறாது. பார்த்தவர்தாம் கூற வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இவ்விடையைக் கூறும் பொறுப்பு பல வேளைகளில் பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தமிழ் மட்டுமே அறிந்திருப்பர். மருத்துவமனையில் செவிலியர் கன்னடத்தில் வினவுவார். இரு மொழிகளும் உடன்பிறந்தவை ஆதலால் பல சொற்கள் கைகொடுக்கும். தமிழின் தலை, கன்னடத்தில் ‘தலெ’. தலைவலி, அங்குத் ‘தலெநோவு’. நோவு என்னும் சொல் தமிழிலும் உண்டு. வாந்தி, இரு மொழிகளிலும் வாந்தியே.

ஆனால், உறவுச் சொற்களுக்குள் ஒரு பொறியும் உள்ளது. தமிழில் ‘மூளை’ என்பது தலைக்குள் உள்ள உறுப்பு. கன்னடத்தில் ‘மூளெ’ என்றால் எலும்பு! மூளைக்குக் கன்னடச் சொல் ‘மெதுளு’. “மூளையில் அடிபட்டது” என்று ஒரு பாட்டி பதற்றத்தோடு கூறினால், எலும்பில் அடிபட்டதாகவே அது விளங்கிக்கொள்ளப்படலாம். இரு மொழிகளையும் அறிந்த பிள்ளை அருகில் இருந்தால் அப்பிழை நேராது.

தலையில் அடிபட்டவரிடம் பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது.

• நினைவிழத்தல், எழுப்பினாலும் எழாத உறக்கம்
• மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தல்
• நேரம் செல்லச் செல்ல மிகும் தலைவலி
• குழப்பமான பேச்சு, ஆளை அடையாளம் அறியாமை
• வலிப்பு, ஒரு கையோ காலோ வலுவிழத்தல்
• இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருத்தல்
• மூக்கிலோ காதிலோ குருதி அல்லது தெளிந்த நீர் வடிதல்

108 அல்லது 112 என்னும் எண்ணை அழைத்து, இடத்தைத் தெளிவாகக் கூற வேண்டும். கழுத்தைத் திருப்பவோ ஆளை உலுக்கவோ கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்கு நீரோ உணவோ புகட்டலாகாது. விழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்வது மருத்துவருக்குப் பேருதவியாகும். சாலையில் அடிபட்ட அயலாருக்கு உதவ எவரும் அஞ்சத் தேவையில்லை. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது.

வருமுன் காத்தல் இவை அனைத்தினும் சிறந்தது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது நடுவண் அரசின் அறிக்கை. அவர்களுள் 50,029 பேர் தலைக்கவசம் அணியாதவர்கள். அந்த 50,029 பேரில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், உடன் சென்றவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வண்டியில் செல்லும்போது தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்குப் பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் மாணவருக்கும் இது பொருந்தும். மண்டையோடு மூளைக்கு இயற்கை தந்த கவசம். அதற்கு வெளியே இன்னொன்றை அணிந்துகொள்வது மனிதரின் கடமை.

சொற்பொருள்

உய்த்துணர்தல் – அறிந்தவற்றைக் கொண்டு அறியாததை உணர்தல்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
சாரம் – கட்டட வேலைக்காகக் கட்டப்படும் மரத்தட்டி அல்லது மேடை
சாளரம் – ஜன்னல்
சிரை – இதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
தேரை – தவளை இனத்தைச் சேர்ந்த உயிரி
மீயொலி – செவிக்குக் கேட்காத மிகை அதிர்வுடைய ஒலி

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. சி.டி. படத்தில் நீரைக் குறிக்கும் எண் ________.
2. நாட்டின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறை ________ ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கப்பட்டது.
3. கன்னடத்தில் ‘மூளெ’ என்பதன் பொருள் ________.

ஆ. பிரித்து எழுதுக.

1. மண்டையோடு 2. உச்சிக்குழி 3. உள்ளழுத்தம் 4. கையடக்கம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ‘தெளிவு இடைவேளை’ என்பது யாது?
2. கணுக்கால் வீக்கத்திற்கும் மூளை வீக்கத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. செரிபோ கருவி, சி.டி. ஸ்கேனுக்கு மாற்றாகாதது ஏன்?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. மூளை வீக்கத்தைச் சி.டி. படம் எவ்வெவ் வகைகளில் புலப்படுத்துகிறது?
2. ‘கருவிக்கு முந்தியது சொல்’ என்னும் கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

உ. செயல்பாடு

1. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு, தமிழிலும் கன்னடத்திலும் ஒரே ஒலியுடன் அமைந்து ஒரே பொருள் தரும் சொற்கள் ஐந்தினையும், ஒத்த ஒலியுடன் வேறு பொருள் தரும் சொற்கள் இரண்டினையும் தொகுத்து எழுதுக.
2. மாடிப்படியில் விழுந்த தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதாகக் கொண்டு, மருத்துவரிடம் கூற வேண்டிய செய்திகளை ஐந்து தொடர்களில் வரிசைப்படுத்தி எழுதுக.